கடையைப் பூட்டி விட்டு மன்னாருக்கு

2023ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு லண்டனிலிருந்து எனது மருமகன் வெள்ளவத்தைக்கு வந்திருந்தார். அவர் வேலை செய்யும் கம்பனி தன் ஊழியர்கள் அனைவரையும் மதீரா என்ற தீவுக்கு நான்கு நாட்கள் அழைத்துச் சென்ற கதையைச் சாப்பாட்டு மேசையில் சொன்னார். மதீரா அத்திலாந்திக் சமுத்திரத்தில் போர்த்துக்கல் நாட்டுக்குச் சொந்தமான தீவு. மலையும் கடலும் ஒன்றையொன்று தொட்டுக் கொண்டிருக்கும் இடம். காலையில் எல்லோரும் ஒன்றாக இருந்து கம்பனியின் விஷயங்களைப் பேசுவார்களாம். மாலையில் மலையில் நடப்பார்களாம். இதற்கு ‘ரிட்ரீட்’ என்று பெயர்.

“அப்படியென்றால் அந்த நான்கு நாளும் கடையை யார் பார்த்தது?” என்று கேட்டேன். மேசையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

அவர்கள் சிரித்தாலும் அந்தக் கேள்வி எமது வியாபாரிகள் அனைவருடையதும்தான். ஒரு நாள் கடை பூட்டினால் ஒரு நாள் வியாபாரம் போய் விட்டது என்று கணக்குப் பார்ப்பவர்கள் நாம். ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், எனது ஊழியர்களுக்கு நான் ஒரு கடன் பாக்கி வைத்திருந்தேன்.

பாக்கியாக இருந்த கடன்

களனியில் எமது ஹாட்வெயார் கடையும் ஸ்டோரும் உள்ளன. கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய கிளை இருக்கிறது. இரண்டிலுமாக 14 பேர் வேலை செய்கிறார்கள். முஸ்லிம்கள், சிங்களவர்கள், தமிழர்கள், கத்தோலிக்கர்கள் எல்லோரும் இருக்கிறார்கள்.

2016 மே மாதம் களனி கங்கை பெருகி ஸ்டோருக்குள் தண்ணீர் வந்த போது, தமது வீடுகளிலும் தண்ணீர் நின்ற நிலையிலேயே பொருட்களை மேல் மாடிக்குத் தூக்கியவர்கள் இவர்கள். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர் எமது கடைகளுக்குள் நுழைய வாடிக்கையாளர்கள் தயங்கிய நாட்களில், கடை வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து “வாங்க, வாங்க” என்று அழைத்தவர் எமது சிங்கள ஸ்டோர் கீப்பர். அந்த நேரம் கொச்சிக்கடைக் கோயிலில் தன் உறவினரைப் பறிகொடுத்த கத்தோலிக்கத் தம்பி ஒருவரும் எங்களிடம் வேலை செய்தார். அவர் ஒரு வாரம் வீட்டில் இருந்து விட்டு மீண்டும் எமது கடைக்கே வந்தார். 2022இல் பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற போது சைக்கிளில் வேலைக்கு வந்தார்கள்.

ஒவ்வொரு தடவையும் “நிலைமை சீரானதும் எல்லோரும் ஒரு ட்ரிப் போவோம்” என்று நான் சொன்னேன். நிலைமை சீராவதும், நான் மறப்பதுமாகவே காலம் போனது.

அதற்கு முன்னர் நான் ஒரு தடவை ட்ரிப் போகாமல் இல்லை. பல வருடங்களுக்கு முன் ஒரே நாளில் நுவரெலியா போய் வந்தோம். அதிகாலை 3 மணிக்குப் புறப்பட்டு நள்ளிரவில் திரும்பினோம். பகல் சாப்பாட்டுக்குப் பின்னர் நான் எழுந்து நின்று அந்த வருட விற்பனை இலக்கைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். அடுத்த நாள் பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை. அது ஊழியர்களுக்கான சுற்றுலா அல்ல, முதலாளிக்கான சுற்றுலா என்பதை விளங்கிக் கொள்ள எனக்குப் பல வருடங்கள் எடுத்தன.

ஏன் மன்னார்?

மதீராவுக்குப் போக எமது கடவுச்சீட்டுக்கு ஐரோப்பிய விசா வேண்டும், பல இலட்சம் ரூபா வேண்டும். ஆனால் தீவுக்காக அத்திலாந்திக் வரை போக வேண்டியதில்லை. 1420 அளவில் மதீராவில் குடியேறிய அதே போர்த்துக்கேயர்தான் 1560இல் எமது மன்னார்த் தீவில் கோட்டை கட்டினார்கள். 1658இல் அதை ஒல்லாந்தர் கைப்பற்றினார்கள். பாலத்தைக் கடந்து தீவுக்குள் நுழையும் போதே அந்தக் கோட்டை கண்ணில் படும்.

பள்ளிமுனையில் பெரிய பெருக்கமரம் நிற்கிறது. அரபு வியாபாரிகள் கொண்டு வந்த இனம் என்றும், வயது 700 வருடங்களுக்கு மேல் என்றும் சொல்கிறார்கள். தெருவெல்லாம் கழுதைகள் திரிகின்றன. அவையும் அரபு வியாபாரிகளோடு வந்தவை என்பதே ஊர்ப் பேச்சு. தலைமன்னாரில் பழைய இறங்குதுறை இருக்கிறது. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. கொழும்பில் டிக்கட் எடுத்து ரயிலும் கப்பலுமாகச் சென்னை வரை போகலாம். எமது பாட்டன்மார் சரக்கெடுக்கப் போன வழி அது. 1964 டிசம்பர் சூறாவளியில் தனுஷ்கோடி அழிந்தது. இன்று தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் சுழல்கின்றன. 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி மின் நிலையம் அது. வியாபாரியின் கண்ணுக்கு இவற்றை விட வேறு என்ன காட்சி வேண்டும்?

முதலில் கேளுங்கள்

வியாபார சகோதரர்களே, ஏற்பாட்டில் நான் செய்த முதலாவது பிழையைச் சொல்கிறேன். நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். போயா தினத்தோடு வரும் நீண்ட வார இறுதியை நானே தீர்மானித்து விட்டேன். கடை எப்படியும் பூட்டுத்தானே என்ற கணக்கு. ஸ்டோர் கீப்பர் தலையைச் சொறிந்து கொண்டு நின்றார். பிறகுதான் சொன்னார், அவர் ஒவ்வொரு போயாவுக்கும் களனி விகாரையில் சில் எடுப்பவர் என்று. இத்தனை வருடம் என்னோடு இருப்பவர். எனக்குத் தெரியாது.

அதன் பின் ஒரு கொப்பியைச் சுற்றுக்கு விட்டேன். வர முடியாத நாட்கள், சாப்பிடாத உணவு, மருந்து எடுப்பவர்கள், பார்க்க விரும்பும் இடம் என்று எல்லோரும் எழுதினார்கள். காசாளராக இருக்கும் தமிழ்த் தங்கச்சி திருக்கேதீஸ்வரம் என்று எழுதினார். கொட்டாஞ்சேனைத் தம்பி மடுக் கோயில் என்று எழுதினார். இரண்டும் போகும் வழியை ஒட்டியே இருந்தன. எமக்கோ தொழுகைக்கு நிறுத்த வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கடதாசியில் எழுதிய பின்புதான் பஸ்காரரோடு பேசினேன்.

காலம் பெப்ரவரி என்று முடிவானது. வடகீழ்ப் பருவ மழை அப்போது ஓய்ந்து விடும், வெயிலும் கடுமையாகாது. வங்காலைப் பக்கம் பூநாரைக் கூட்டங்களைப் பார்க்கலாம். 2024இல் மார்ச் நடுப்பகுதிக்கு முன்னரே நோன்பு தொடங்க இருந்ததால் அதற்கு முந்திய மாதம் எமக்கும் வசதி.

செலவுக் கணக்கு

ஊழியருக்கு மாதம் 1,000 ரூபா வீதம் ஒதுக்கினால் 14 பேருக்கு ஒரு வருடத்தில் 168,000 ரூபா சேரும். ஒரே தடவையில் எடுத்தால் கை நடுங்கும் தொகை, மாதா மாதம் ஒதுக்கினால் தெரியாமலே சேர்ந்து விடும். பற்றாக்குறையை நான் போட்டேன். இதில் மூன்று விடயங்களை மறக்கக் கூடாது.

ஒன்று, போனஸைக் குறைத்து ட்ரிப் போகக் கூடாது. அது அவர்களின் காசில் நாம் விருந்து வைப்பது. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளியின் 12 வீதத்தையும், நம்பிக்கை நிதிக்கு 3 வீதத்தையும் ஒழுங்காகக் கட்டாதவர் முதலில் அதைக் கட்டட்டும். கடற்கரை அப்புறம்.

இரண்டு, போகும் நாளை வருடாந்த லீவில் கழிக்கக் கூடாது.

மூன்று, பெண் ஊழியர்களின் பாதுகாப்பு. தங்குமிடத்தில் அவர்களுக்குத் தனி அறையும் உட்புறத் தாழ்ப்பாளும் உண்டா என்று கேட்டு உறுதி செய்தேன். ஒரு தங்கச்சியின் உம்மாவையும் கூட அழைத்தோம். ஒரு தலை கூடியதால் செலவு பெரிதாகக் கூடவில்லை, வீடுகளில் சம்மதம் இலகுவாகக் கிடைத்தது.

வாடிக்கையாளர்களுக்கு ஒரு வாரம் முன்பே சிங்களத்திலும் தமிழிலும் பலகை எழுதி வைத்தோம். அவசரச் சாமான் தேவைப்படுவோர் வியாழக்கிழமையே வந்து எடுத்துச் சென்றார்கள்.

வர மறுத்தவர்

கொப்பியில் ஒரு வரி மட்டும் காலியாக இருந்தது. 12 வருடங்களாக எம்மிடம் வேலை செய்யும் விற்பனையாளருடையது. புத்தளத்துக்காரர் என்று நாங்கள் அறிந்தவர்.

“ஹாஜியார், எல்லோரும் போய் வாருங்கள். கடையை நான் பார்த்துக் கொள்கிறேன்” என்றார்.

நல்ல மனிதர், கடை மேல் அக்கறை என்று நினைத்து அப்படியே விட்டு விட இருந்தேன். ஏதோ மனம் கேட்கவில்லை. அஸர் தொழுது விட்டு வரும் வழியில் மீண்டும் கேட்டேன். அப்போதுதான் சொன்னார். அவரது ஊர் புத்தளம் அல்ல. மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றிய போது அவருக்கு 9 வயது. வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் அப்படி வெளியேற்றப்பட்டார்கள். மன்னார்த் தீவிலிருந்தவர்கள் படகுகளில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். யுத்தம் முடிந்த பின் பலர் திரும்பிப் போனார்கள். இவருடைய வாப்பா புத்தளத்திலேயே மௌத்தாகி விட்டார். அதன் பின் இவர் அந்தப் பக்கம் போகவே இல்லை.

நான் வற்புறுத்தவில்லை. இடத்தை மாற்றவா என்று கேட்டேன். இரண்டு நாள் அவகாசம் கேட்டார். மூன்றாம் நாள் கொப்பியை எடுத்து, பார்க்க விரும்பும் இடம் என்ற கட்டத்தில் “எங்கள் வளவு, 20 நிமிடம்” என்று எழுதினார்.

பயணம்

வெள்ளி ஜும்ஆவுக்குப் பின்னர் கோஸ்டர் பஸ்ஸில் புறப்பட்டோம். புத்தளத்தில் இராச் சாப்பாடு. அனுராதபுரம், மதவாச்சி வழியாக 300 கிலோ மீற்றருக்கும் மேற்பட்ட ஓட்டம். இரவு ஓட்டம் என்பதால் இரண்டாவது சாரதிக்கும் கூலி கொடுத்தேன். இந்தச் செலவில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

சனிக்கிழமை காலை கோட்டை, பெருக்கமரம், தலைமன்னார். திரும்பும் வழியில் எருக்கலம்பிட்டி. அவர் மட்டும் இறங்கிப் போவார் என நினைத்தேன். ஸ்டோர் கீப்பர் பின்னால் இறங்கினார். பிறகு எல்லோரும் இறங்கினார்கள். வீடு இருந்த இடத்தில் அத்திவாரக் கல்லும் ஒரு கிணறும்தான் மிச்சம். கிணற்றைக் காட்டி, “வாப்பா கட்டியது” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. காசாளர் தங்கச்சி ஒரு வார்த்தையும் பேசாமல் தன் தண்ணீர்ப் போத்தலை அவரிடம் நீட்டினார்.

பஸ்ஸில் ஏறியதும் ஸ்டோர் கீப்பர் சிங்களத்தில் கேட்டார்: “12 வருடம் ஒன்றாகச் சாப்பிட்டோம். ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை?”

“யாரும் கேட்கவில்லையே” என்றார் அவர்.

அந்தப் பதில் எனக்கும் சேர்த்துத்தான்.

நான் வாய் திறக்காத ஒரு மணி நேரம்

அன்று மஃரிபுக்குப் பின்னர் தங்குமிட விறாந்தையில் ஒரு மணி நேரம் கடை விஷயம் பேசினோம். இம்முறை நான் பேசவில்லை. இரண்டே கேள்விகள் கேட்டேன். எமது கடையில் வீணாகும் நேரம் எது? வாடிக்கையாளர் எதனால் எம்மை விட்டுப் போகிறார்?

லொறியில் போகும் தம்பி முதலில் சொன்னார். சாமான் பில் ஒழுங்கில் ஏற்றப்படுகிறதே தவிர, பாதை ஒழுங்கில் ஏற்றப்படுவதில்லை. கொட்டாஞ்சேனை ஒழுங்கைக்குள் ஒரு பெட்டி பெயின்ற் எடுக்கப் பாதி லொறியை இறக்க வேண்டியிருக்கிறது. கடைசியில் இறக்குவதை முதலில் ஏற்ற வேண்டும். இவ்வளவுதான். 14 பேரில் ஒருவருக்கு இது தெரிந்திருந்தது, கேட்க யாருமில்லை.

அடுத்து காசாளர் தங்கச்சி தயங்கித் தயங்கிச் சொன்னார். “முதலாளி போனில் கடன் கொடுத்து விடுகிறீர்கள். எனக்குச் சொல்வதில்லை. மாத முடிவில் கணக்குப் பொருந்துவதில்லை. குற்றம் எங்களுக்கு வருகிறது.” எனக்கு முகம் சூடேறியது. பதில் சொல்ல வாய் வந்தது. நுவரெலியா ஞாபகம் வர, அடக்கிக் கொண்டேன்.

திரும்பி வந்த வாரமே இரண்டையும் மாற்றினோம். லொறி இப்போது நேரத்தோடு திரும்புகிறது. துண்டு இல்லாமல் கடனுக்குச் சாமான் வெளியே போகாது, நான் சொன்னாலும் போகாது. ஓரிரு தடவை அந்தத் தங்கச்சி என்னையே திருப்பி அனுப்பியிருக்கிறார்.

ட்ரிப் போனால் ஊழியர் விட்டுப் போக மாட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான்கு மாதம் கழித்து ஒரு தம்பி கட்டாருக்குப் போய் விட்டார். கூடிய சம்பளம் கிடைத்தால் யாரும் போகத்தான் செய்வார்கள். ஆனால் போகும் முன் ஒரு மாதம் நின்று, தன் இடத்துக்கு வந்தவருக்கு வேலையைப் பழக்கி விட்டுப் போனார்.

மருமகனுக்குப் போனில் இதையெல்லாம் சொன்னேன். “மாமா, நீங்கள் செய்ததுதான் ரிட்ரீட்” என்றார். பெயர் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு சனிக்கிழமை வியாபாரம் போனது உண்மை. அந்தச் சனிக்கிழமை நான் கேட்டறிந்ததை 12 வருடம் கடைக்குள் உட்கார்ந்திருந்தும் அறியவில்லை என்பதும் உண்மை.

இன்ஷா அல்லாஹ், அடுத்த பயணத்துக்கான கொப்பி மீண்டும் சுற்றில் இருக்கிறது. எருக்கலம்பிட்டிக்காரரின் வரி இம்முறை காலியாக இல்லை. “வாப்பாவின் கிணற்றைத் துப்புரவாக்க ஒரு நாள் லீவு” என்று எழுதியிருக்கிறார். ஸ்டோர் கீப்பர் அதன் கீழே தன் பெயரையும் போட்டிருக்கிறார்.