சூளை ஆறும் நேரம்

ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துச் சிற்றூர்களில் இல்லங்களைச் சந்திக்க மாலையில்தான் செல்ல முடிகிறது. பகலில் பெரும்பாலோர் வேலைக்குப் போயிருப்பர். விருத்தாசலத்திலிருந்து வரும் பேருந்து நின்றதும், பீங்கான் தொழிற்கூடங்களில் களிமண் பிசைந்தும் அச்சில் வார்த்தும் சூளையருகே நின்றும் திரும்புவோர் இறங்குவதைக் காணலாம். நாள் முழுதும் நின்றபடியே துணி விரித்துக் காட்டிய கடைப் பணியாளரும் அவர்களுள் உண்டு.

சென்ற கோடையில் ஓர் இல்லத்தலைவி என்னிடம் முறையிட்டார். “சாமி, இவர் செபமாலையில் இரண்டாம் தேவ இரகசியம் வருமுன்னே தூங்கிவிடுகிறார். பிள்ளைகளின் பாடத்தையும் பார்ப்பதில்லை. நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள்.” கணவர் தலைகுனிந்து, “சோம்பல் இல்லை, சாமி. உடம்பு கேட்கவில்லை” என்றார்.

ஊக்கத்தைப் பற்றிய பிரசங்கம் ஒன்று நாவின் நுனிவரை வந்தது. நல்லவேளையாக அதை விழுங்கிவிட்டு, அவருடைய சூளையைப் பற்றிக் கேட்டேன். நெருப்பு அணைந்தவுடன் சூளைக் கதவைத் திறக்கமாட்டார்களாம். அது தானாக ஆறவேண்டும். களிமண்ணில் கலந்துள்ள படிகக்கல் ஏறத்தாழ 573 டிகிரி வெப்பத்தில் பருமன் மாறுகிறது. அந்நிலையைச் சூடு விரைவாகக் கடந்து இறங்கினால், உள்ளிருக்கும் பொருள்கள் விரிசல் விடும். மண்ணுக்குத் தரும் இந்த அவகாசத்தை வீடு திரும்பும் மனிதருக்கு நாம் தருகிறோமா? செருப்பைக் கழற்றுமுன்னே கடன் பாக்கியும் பள்ளிக் கட்டணமும் அவர் காதில் விழுகின்றன.

முதல் அரை மணி நேரத்தை உடலுக்கு விட்டுவிடுவோம். சூளை வெப்பத்தில் வியர்த்தவருக்கு நீரும் உப்பும் குறைந்திருக்கும். மூன்றாவது குவளைத் தேநீரைவிட உப்பிட்ட மோரோ நீராகாரமோ அவரைத் தேற்றும். தேநீரின் ஊக்கப்பொருளில் பாதி, குடித்து ஏறக்குறைய ஐந்து மணி நேரமாகியும் உடலில் தங்கியிருக்கும். இரவு ஏழு மணிக்குப் பருகியது பத்து மணித் தூக்கத்தைத் திருடும். நின்று உழைத்தவர் கால்களைச் சற்று உயர்த்திப் படுக்கட்டும். இருபது நிமிடம் கண்ணயரலாம். ஒரு மணி நேரமானால் ஆழ்ந்த உறக்கத்தில் விழுந்து, எழும்போது தலை கனக்கும். களைப்புக்கு மருந்தென்று மதுக்கடைக்குச் செல்வோர் ஏமாறுகின்றனர். மது விரைவில் தூங்கச் செய்யும். பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

வாழ்வே போதுமென்று சாவை வேண்டிச் செடியடியில் படுத்த எலியாவுக்கு வானதூதர் முதலில் அறிவுரை கூறவில்லை. தூங்கவிட்டு எழுப்பி, அப்பமும் நீரும் தந்தார், மீண்டும் தூங்கவிட்டார். நாற்பது நாள் நடை அதன் பின்னரே தொடங்கியது.

ஓய்வு வீட்டார் மட்டும் தரவேண்டிய சலுகையன்று. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது, இடையே அரை மணியேனும் ஓய்வு வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வகுத்தது. கடைப் பணியாளருக்கு இருக்கை தரவேண்டுமெனத் தமிழகச் சட்டமன்றம் விதி செய்தது 2021-இல்தான்! உட்காருவதற்கும் ஒரு சட்டம் தேவைப்பட்டது. அவ்விருக்கை உங்கள் கடையில் உண்டா என்று முதலாளிகளாயுள்ள நம் அன்பர்கள் ஒருமுறை திரும்பிப் பார்க்கட்டும்.

ஒன்றை நான் பிந்தித்தான் உணர்ந்தேன். முறையிட்ட அந்த அம்மாளும் அன்று முழுதும் முந்திரிக்கொட்டை உடைத்துவிட்டு வந்து, அடுப்பை மூட்டியவர். தூங்கி விழவும் அவருக்கு நேரமில்லை. நடுவண் அரசின் 2019-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலை செய்வோருள் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதில் செலவிட்டனர். கணவரை நோக்கி, “தூங்கி எழுந்த பின் காய் நறுக்கத் தெரியுமா?” என்றேன். பிள்ளைகள்தாம் முதலில் சிரித்தனர்.

சில வாரங்கள் கழித்து மீண்டும் அவ்வழியே சென்றேன். செபமாலையை இரவு உணவுக்கு முன்னதாக மாற்றியிருந்தனர். மூன்றாம் தேவ இரகசியத்தைக் கணவர் தெளிவான குரலில் தொடங்கினார். அந்த அம்மாள் சுவரில் சாய்ந்தபடி உறங்கிவிட்டிருந்தார். எழுப்பப்போன மகளைத் தகப்பனார் கையமர்த்தி, குரலைச் சற்றுத் தாழ்த்திச் செபத்தைத் தொடர்ந்தார்.