சிவப்புப் பொட்டும் ஓவியத்தின் விலையும்

ஓவியக் கண்காட்சியின் தொடக்க விழாவைக் கலை நிகழ்வு என்றே நாம் கருதுகிறோம். நெடுங்காலம் பொருளாதாரம் கற்பித்த எனக்கு அது சந்தை கூடும் வேளையாகவும் தோன்றுகிறது. சென்ற சனி, ஞாயிறு இரு நாள்களில் சென்னையில் மூன்று தொடக்க விழாக்களுக்குச் சென்றேன். மூன்றிலும் குத்துவிளக்கு, பொன்னாடை, வாழ்த்துரை, தேநீர். ஓவியங்களைப் பார்த்தவர்களைவிட, அவற்றுக்கு முதுகைக் காட்டி உரையாடியவர்களே மிகுதி.

இதை வெறும் சடங்கென்று ஒதுக்கிவிட முடியாது. அரிசியின் விலையை உற்பத்திச் செலவையும் போட்டியையும் கொண்டு விளக்கலாம். ஓவியத்துக்கு அது பொருந்தாது. ஒரே அளவுக் கித்தான் ஒருவர் கையில் சில ஆயிரமும் மற்றொருவர் கையில் பல லட்சமும் பெறுகிறது. தரம் விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எவ்வாறு சீர்குலைகிறது என்பதைப் பழைய கார்களை எடுத்துக்காட்டி 1970-இல் விளக்கினார் ஜார்ஜ் அகெர்லாஃப். ஓவியத்திலோ விற்பவருக்கும் உறுதியில்லை. எனவே, வாங்க நினைப்பவர் பிறரைப் பார்க்கிறார். விளக்கேற்றியவர் யார், வந்திருப்போர் யார், எந்தப் படத்தின் அருகே விற்பனையைக் குறிக்கும் சிவப்புப் பொட்டு ஒட்டப்பட்டுள்ளது என்பனவே அவருக்கு விலை பற்றிய தகவல்கள்.

இந்த மாலைக்கு யார் செலவழிக்கிறார் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வாடகை அரங்கென்றால் வாடகை, சட்டமிடுதல், வண்டிக்கூலி, அழைப்பிதழ் அனைத்தும் ஓவியரைச் சேர்ந்தவை. ஒரு படமும் விற்காவிட்டால் நட்டம் முழுவதும் அவருடையதே. தனியார் கலைக்கூடங்கள் பெரும்பாலும் செலவை ஏற்று, விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை எடுத்துக்கொள்கின்றன. இதைச் சுரண்டல் என்பாருண்டு. இடர்ப்பாட்டைப் பகிர்ந்துகொள்ளும் இந்த ஏற்பாடே இளம் ஓவியருக்குப் பாதுகாப்பானது என்பது என் கருத்து.

இந்த இடர்ப்பாட்டை நன்குணர்ந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த அவர், 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார். ஓவியம் விற்றுத்தான் அடுப்பெரிய வேண்டும் என்ற நிலை வந்தால் ஓவியம் வாங்குவோர் விருப்பத்துக்கு வளைந்துவிடும். அங்கு கூடிய கலைஞர்கள் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றனர்; கிராமத்துக்கான நிலமும் அந்த வருவாயில் வாங்கப்பட்டதே.

சட்டமும் ஓரளவு துணைக்கு வருகிறது. 1994-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 53ஏ பிரிவின்படி, ஓர் ஓவியத்தின் மறுவிற்பனை விலை 10,000 ரூபாயைத் தாண்டினால், அதில் அதிகபட்சம் 10 சதவீதம் வரை ஓவியருக்குப் பங்குண்டு. ஆனால், இரு வீடுகளுக்கிடையே நடக்கும் விற்பனை ஓவியருக்குத் தெரிய வழியில்லை. முதல் விற்பனையிலேயே உரிய ரசீதும் வாங்கியவர் பற்றிய பதிவும் இருந்தாலன்றி இந்த உரிமை ஏட்டுச் சுரைக்காய்தான்.

ஞாயிறு பிற்பகல், முதல் நாள் சென்ற அரங்கொன்றுக்கு மீண்டும் சென்றேன். ஓவியரைத் தவிர அங்கு எவருமில்லை. அரை மணி நேரம் நிதானமாகப் பேசினார். சிறிய கோட்டோவியங்கள் சில, ஒரு பட்டுப்புடவையின் விலைக்கும் குறைவு. விலை கேட்க நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். அது அநாகரிகம் அன்று. விலைப்பட்டியல் பெரும்பாலும் வருகைப் பதிவேட்டின் அருகிலேயே இருக்கும், கேட்டால் தருவார்கள்.