மை மங்கும், முத்திரை மங்காது

1940 வாக்கில் திருவனந்தபுரம் கரமனை அக்ரஹாரத்திலிருந்து ஒருவர் ஒரே நாளில் இரண்டு கார்டுகள் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று நாகர்கோவிலில் இருக்கும் தங்கைக்கு. மற்றொன்று திருநெல்வேலியில் இருக்கும் மாமாவுக்கு. இரண்டும் வெவ்வேறு தபால் துறைகளில் போகலாம். நாகர்கோவில் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குள் இருந்ததால் முதல் கார்டு சமஸ்தானத்தின் சொந்தத் தபாலான 'அஞ்சல்' வழியே போகலாம். விலை சக்கரம், காசுக் கணக்கில். திருநெல்வேலிக் கார்டு பிரிட்டிஷ் இந்தியத் தபாலில், மன்னர் ஜார்ஜின் தலையோடு, அணாக் கணக்கில் போகும்.

1888இல் சங்குச் சின்னத்தோடு சொந்தத் தபால்தலை வெளியிட்ட அஞ்சல் துறை, 1951 ஏப்ரல் 1 அன்று இந்தியத் தபாலோடு இணைந்தது. ஐந்தாண்டு கழித்து, 1956 நவம்பர் 1இல் நாகர்கோவில் தமிழ்நாட்டுப் பக்கம் வந்துவிட்டது. ஆகவே அஞ்சல் முத்திரை விழுந்த ஒவ்வொரு கார்டும் இன்று இல்லாத ஒரு துறையின் கையெழுத்து.

அன்று வந்த கடிதங்களைக் கம்பியில் குத்தித் தொங்கவிடுவார்கள். அப்படிக் கிடந்த கார்டு ஒன்றைக் கையில் எடுங்கள். நடுவில் கம்பி போட்ட ஓட்டை. எழுத்துகள் வெளிறிக் கிடக்கும். ஊர்ப்பெயரும் தேதியும் கொண்ட வட்ட முத்திரை மட்டும் கன்னங்கரேலென்று நிற்கும். காரணம் வேதியியல். எழுதும் மைகளில் பலவும் சாயத்தால் ஆனவை. ஒளி பட்டால் சாய மூலக்கூறு சிதைந்து நிறம் போய்விடும். தபால்தலையை யாரும் கழுவி மறுபடி ஒட்டிவிடக் கூடாது என்பதால், முத்திரை மையில் புகைக்கரியை எண்ணெயில் குழைத்தார்கள். கரி என்பது கார்பன். வெயிலோ தண்ணீரோ அதை எளிதில் ஒன்றும் செய்துவிடாது. முத்திரையைச் சுற்றித் தெரியும் மஞ்சள் வளையம், அந்த எண்ணெய் காகிதத்தில் ஊறிப் பரவிய தடம்.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. கரி அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சிக்கொள்ளும். சாய மைகள் பலவும் அதை ஊடுருவ விட்டுவிடும். எழுத்தின் மேல் முத்திரை விழுந்து படிக்க முடியாமல் போன கார்டை அகச்சிவப்பில் படமெடுத்தால், எழுத்து விலகி முத்திரை மேலே வரும்.

ஊர்ப்பெயரும் தேதியும் ஒன்றையொன்று சரிபார்க்கும். பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15இல். 'டிரிவேண்ட்ரம்' அரசு ஏட்டில் திருவனந்தபுரமானது 1991இல். முகவரியில் 695002 என்ற கரமனை எண்ணும் முத்திரையில் பழைய பெயரும் சேர்ந்து இருந்தால், அந்தக் கார்டு பெரும்பாலும் இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடைப்பட்டது. பழைய முத்திரைக் கட்டையைச் சில காலம் தொடர்ந்து குத்தியிருக்கவும் கூடும். எனவே தேதியையும் படித்துவிட்டே முடிவுக்கு வர வேண்டும்.

சேகரிக்கிறவர்கள் தபால்தலையை மட்டும் நனைத்து உரித்துவிடக் கூடாது. அதோடு பாதி முத்திரையும் போய்விடும். கார்டு முழுசாக இருந்தால் புறப்பட்ட ஊரின் முத்திரையும் சேர்ந்த ஊரின் முத்திரையும் கிடைக்கும். இரண்டு தேதிகளையும் கழித்தால் அந்தக் கார்டு எத்தனை நாள் பயணம் செய்தது என்று தெரியும். திருவனந்தபுரத்து ஈரக்காற்றில் பூஞ்சையும் ராமபாணப் பூச்சியும்தான் பெரிய எதிரிகள். அமிலமில்லாத காகித உறையில், காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். பிவிசி ஆல்பம் வேண்டாம்.