எதை நிறுத்தீர்கள்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வழியாகப் போயிருக்கிறீர்களா? பாத்தி பாத்தியாக உப்பளங்கள் இருக்கும். தேக்கிய உவர்நீர் வெயிலில் காய்ந்ததும் படியும் உப்பை வாரிக் குவித்திருப்பார்கள். அந்த உப்பைச் சுத்தம் செய்து 100 கிராம் எடுத்தால், அதற்குள் இருக்கும் சோடியம் ஏறக்குறைய 39 கிராம்தான். மீதி குளோரைடு. ஒருவர் '100 கிராம் உப்பு' என்பார், இன்னொருவர் '39 கிராம் சோடியம்' என்பார். இரண்டும் சரி. பெரியவர்கள் நாளொன்றுக்கு 5 கிராம் உப்பைத் தாண்டக்கூடாது என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனம், அதையே 2 கிராம் சோடியம் என்றும் சொல்கிறது.

மீன் தொட்டித் தண்ணீரிலும் இதே கணக்குதான்.

மீனுக்குப் போடும் தீனியில் புரதம் இருக்கிறது. புரதத்தில் நைட்ரஜன் இருக்கிறது. மீன் அதைத் தின்று, செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றும். அம்மோனியா மீனுக்கு நஞ்சு. நல்லவேளையாக, தொட்டி மணலிலும் வடிகட்டியிலும் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. வேறு சில பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக்குகின்றன. நைட்ரைட்டும் ஆபத்துதான், நைட்ரேட் அவ்வளவு கொடியதல்ல.

இப்போது எடை போடுவோம். நைட்ரஜன் அணுவின் எடை 14, ஹைட்ரஜனுக்கு 1, ஆக்சிஜனுக்கு 16. ஒரு நைட்ரஜனோடு மூன்று ஹைட்ரஜன் சேர்ந்தது அம்மோனியா: 17. இரண்டு ஆக்சிஜன் சேர்ந்தால் நைட்ரைட்: 46. மூன்று சேர்ந்தால் நைட்ரேட்: 62. உள்ளே இருப்பது அதே ஒரு நைட்ரஜன்தான், சட்டைதான் கனத்துக்கொண்டே போகிறது!

சட்டையோடு நிறுத்தால், 1 மில்லிகிராம் நைட்ரஜன் அம்மோனியாவாக இருக்கும்போது 1.2 மில்லிகிராம், நைட்ரைட்டாக 3.3, நைட்ரேட்டாக 4.4. தொட்டியில் புதிதாக எதுவும் சேரவில்லை, ஆனால் எண் ஏறிவிட்டது. அதனால்தான் ஆய்வுக்கூடத்தார் பலர் சட்டையைக் கழற்றிவிட்டு நைட்ரஜனை மட்டும் கணக்கிடுகிறார்கள். அப்போது மூன்று நிலையிலும் எண் 1தான். எனக்கு இந்த முறையே பிடிக்கும். நைட்ரஜன் எங்கிருந்து எங்கே போனது என்று பின்தொடர எளிது.

குழப்பம் எங்கே வரும் தெரியுமா? குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அமெரிக்க வரம்போ 10. அவர்கள் நான்கு மடங்கு கண்டிப்பானவர்களா? இல்லை! அவர்கள் நைட்ரஜனை மட்டும் எண்ணுகிறார்கள். 10-ஐ 4.43-ஆல் பெருக்குங்கள், 44.3 வரும். ஏறக்குறைய அதே வரம்பு.

உங்கள் தொட்டித் தண்ணீருக்கு '20' என்று முடிவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது நைட்ரேட் என்றால் பெரிதாகக் கவலையில்லை. நைட்ரேட்-நைட்ரஜன் என்றால் உண்மையில் 88க்கு மேல் நைட்ரேட். தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றியாக வேண்டும்.

சோதனைப் பெட்டியோடு வரும் தாளைப் படியுங்கள். 'நைட்ரேட்' என்பதை அடுத்துச் சிறு கோடும் 'என்' என்ற ஆங்கில எழுத்தும் இருந்தால், அது நைட்ரஜன் கணக்கு. நோட்டில் எண்ணைக் குறிக்கும்போது, எதை நிறுத்த எண் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.