காருக்குத் துருத்தி கட்டலாமா? வேகம் மகனுக்கு, வினை அப்பாவுக்கு!

நரிக்குடி, திருச்சுழி வட்டாரத்து மக்களுக்குக் காற்றின் வேலையைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசி, மூட்டம் போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். காற்றை அடைத்தால்தான் விறகு கரியாகும். எங்காவது சந்து விழுந்ததோ, அத்தனையும் சாம்பல்! அதே கரியைக் கொல்லன் உலையில் கொட்டித் துருத்தியால் ஊதினால் இரும்பே இளகிவிடும்.

அந்தத் துருத்தியைத்தான் இப்போது நம் இளவட்டங்கள் காருக்கு மாட்டப் பார்க்கிறார்கள். அதன் பெயர் ‘டர்போ’!

துருத்தி செய்யும் மாயம்

1 கிலோ பெட்ரோல் முழுசாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். சாதாரண எஞ்சின் தன்னால் முடிந்த மட்டும் காற்றை உறிஞ்சிக் கொள்ளும். அதற்குத் தக்க பெட்ரோல்தான் எரியும்; அதற்குத் தக்க இழுவைதான் கிடைக்கும்.

காற்றை அமுக்கித் திணித்தால்? கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம். அதே எஞ்சின் பயில்வானாகிவிடும்!

திணிப்பதற்கு இரண்டு வழி. எஞ்சினிலிருந்து பெல்ட் போட்டுக் காற்றை அமுக்குவது சூப்பர்சார்ஜர். வெளியே போகிற புகையின் வேகத்தைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரத்தால் காற்றை அமுக்குவது டர்போ. அந்தச் சக்கரம் சுற்றுவது நிமிடத்துக்கு 1 லட்சம் தடவைக்கும் மேலே! வீணாய்ப் போகிற புகையைக் கொண்டு வேலை வாங்கும் இந்த யோசனைக்கு 1905-ல் காப்புரிமை வாங்கியவர் சுவிட்சர்லாந்து எஞ்சினீயர் ஆல்ஃபிரட் பூஹி.

நமக்கும் இது புதுசு அல்ல. மீட்டர் கேஜ் காலத்தில் தென்மாவட்டங்களில் ரெயில் இழுத்த ஒய்.டி.எம்.4 டீசல் எஞ்சினில் டர்போ இருந்தது. இன்று கரி மூட்டை ஏற்றிப் போகிற லாரியிலும் கம்பெனி வைத்த டர்போ இருக்கிறது. பாரம் இழுக்கிற வண்டிக்கு அது தேவைதான். இரண்டு பேர் உட்கார்ந்து போகிற காருக்கும் வேண்டுமாம்!

பட்டறைப் பேச்சு

நம் பக்கத்தில் எந்தப் பட்டறை வாசலில் அரை மணி நேரம் நின்றாலும் இந்த மாதிரிப் பேச்சு காதில் விழும்.

“அண்ணே, நம்ம வண்டிக்கு டர்போ ஒண்ணு மாட்டிரலாமா? பழசு ஒண்ணு சல்லிசா வருது.”

“மாட்டலாம் தம்பி. டர்போ மட்டும் போதுமா? சூடான காத்தை ஆத்துறதுக்கு இன்டர்கூலர் வேணும். பெட்ரோலைக் கூட்டிக் குடுக்க இன்ஜெக்டர் மாத்தணும், கம்ப்யூட்டரைத் திருத்தணும். கிளட்ச் தாங்காது. ரேடியேட்டர் பத்தாது. பிரேக் அதே பிரேக்தான். டர்போ சல்லிசு, மத்ததெல்லாம் சொத்து!”

“கொஞ்சமா காத்து வச்சா ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றாங்களேண்ணே?”

“சரிப்பா. ஆர்.சி. யார் பேர்ல இருக்கு?”

“அப்பா பேர்ல.”

“அவருகிட்ட சொல்லிட்டியா?”

தம்பியிடம் பதில் இல்லை!

கம்பெனியே கழற்றிய கதை

“கொஞ்சமாக” என்கிறார்களே, அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

நம் வானம் பார்த்த பூமியில் சித்திரை வெயில் 40 டிகிரி. அந்தக் காற்றை மேலும் பாதியளவு அழுத்தம் கூட்டி அமுக்கினால் சூடு 90 டிகிரியைத் தொட்டுவிடும். அவ்வளவு சூட்டோடு உள்ளே போனால், பொறி மூட்டிய நெருப்பு வந்து சேருமுன்னே பெட்ரோல் கலவை கண்ட இடத்தில் வெடிக்கும். ‘டிங்... டிங்...’ என்று எஞ்சின் தட்டுகிற சத்தம் அதுதான். அதோடு விடாமல் அமுக்கினால் பிஸ்டன் ஓட்டையாகும். ஹெட் கேஸ்கட் போகும்.

பெரிய கம்பெனிக்கே இந்தப் பாடம் கிடைத்தது. 1962-ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ‘ஜெட்ஃபயர்’ என்ற காரை டர்போவோடு விற்றார்கள். எஞ்சின் தட்டாமல் இருக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை அதற்கென்று ஒரு தொட்டியில் ஊற்ற வேண்டும். வாங்கியவர்களில் பலர் ஊற்ற மறந்தார்கள்! புகார் மேல் புகார். 1963-க்குப் பிறகு அந்தக் கார் வரவில்லை. பல வண்டிகளில் கம்பெனியே டர்போவைக் கழற்றிக் கொடுத்துவிட்டது.

பந்தயக் களத்தில் மட்டும் என்ன? 1977-ல் ரெனால்ட் கம்பெனி முதன்முதலாக ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு டர்போ கார் கொண்டு வந்தது. அடிக்கடி புகைந்து நின்றதால் ‘மஞ்சள் டீ கெட்டில்’ என்று கேலி செய்தார்கள். 2 வருஷம் பாடுபட்டு 1979-ல்தான் முதல் வெற்றி. ஒரு பெரிய கம்பெனிக்கே 2 வருஷம் என்றால், ரோட்டோரப் பட்டறையில் 2 நாளில் முடிகிற காரியமா?

கம்பெனி டர்போவும் பட்டறை டர்போவும்

அப்படியானால் டர்போ கெட்ட சாமானா? இல்லவே இல்லை.

சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் கார்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் வந்த ‘வென்யூ’ காரில் 1.2 லிட்டர் சாதா எஞ்சினுக்கு 83 குதிரைசக்தி. அதைவிடச் சின்னதான 1 லிட்டர் டர்போ எஞ்சினுக்கு 120 குதிரைசக்தி!

ரகசியம் இதுதான். அந்த எஞ்சினை வரைந்தபோதே டர்போவை மனதில் வைத்து வரைந்தார்கள். பிஸ்டன், எண்ணெய் ஓட்டம், குளிர்விப்பு, கியர், பிரேக் எல்லாம் அதற்கென்றே அமைந்தவை. சாதா எஞ்சினுக்குப் பிறகு மாட்டுவது வேறு கதை.

சட்டம் என்ன சொல்கிறது?

இனிதான் முக்கியமான சங்கதி.

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, பதிவில் உள்ள விவரத்தோடு ஒத்துவராதபடி வண்டியை மாற்றக்கூடாது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்த முடியாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது.

அதே 2019-ல் சட்டத்தைத் திருத்தி 182ஏ பிரிவை மாற்றி எழுதினார்கள். அனுமதியில்லாமல் வண்டியை மாற்றி அமைத்தால் 6 மாதம் வரை ஜெயில், அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்!

யாருக்கு? ‘வண்டியின் உரிமையாளருக்கு’ என்கிறது சட்டம். பட்டறையில் பேசியவரின் கேள்வி இப்போது புரிகிறதா? மகன் ஆசைக்கு மாட்டுவார், ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ள அப்பா ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் அலைவார். விபத்து நடந்துவிட்டால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுக்கவும் வழி உண்டு. பயிர் விளையாத வருஷத்திலும் தவணை கட்டி வாங்கிய கார் அது!

ஆடு குறுக்கே வந்தால்?

எல்லாவற்றுக்கும் மேலே, நம் ரோடு இருக்கிறது. நரிக்குடியிலிருந்து திருச்சுழி வழியாக அருப்புக்கோட்டை போகிறவர்களுக்குத் தெரியும். கருவேலங்காட்டுக்குள்ளிருந்து ஆட்டுமந்தை எப்போது ரோட்டுக்கு ஏறும் என்று சொல்ல முடியாது. பின்னாலேயே மேய்க்கிற கிழவி வருவார். சைக்கிளில் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள்.

80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்து நிற்க ஆகிற தூரத்தைப்போல, 120-ல் இரண்டேகால் மடங்கு தூரம் வேண்டும். டர்போ எஞ்சினைத்தான் மாற்றும். இந்தக் கணக்கை மாற்றாது.

வேகம் வேண்டும் என்கிறவர்களுக்கு இடமும் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயப் பாதை உண்டு. கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே உண்டு. ஹெல்மெட் போட்டு, ஆம்புலன்ஸ் நிற்க, ஆடு மாடு வராத இடத்தில் ஓட்டலாம். கோவைப் பிள்ளை நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் வரை போனது பந்தயப் பாதையில் ஓட்டித்தான். ஊர் ரோட்டில் அல்ல.

டர்போ ஆசை விடாதவர்கள், கம்பெனி டர்போ வைத்த காராகப் பார்த்து வாங்கலாம். ஆர்.சி.யும் சுத்தம், இன்ஷூரன்சும் சுத்தம். அதற்கு வசதி இல்லையா? அந்தப் பணத்தில் முதலில் நாலு நல்ல டயரும் புது பிரேக் கட்டையும் போடுங்கள்.

அதற்கும் முன்னே, வீட்டில் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் தம்பி. வண்டி அவர் பேரில் இருக்கிறது!