பெட்டி சிறிது, இடம் பெரிது!

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தோட்டத்துப் பிள்ளைகளாகிய நாங்கள் ஓர் ஆட்டம் ஆடுவோம். காலி மைலோ டின்னில் ரப்பர் கொட்டைகளையும் கோலிகளையும் போட்டு மூடி, லயத்துக்குப் பின்னால் எங்காவது ஒளித்து வைப்போம். அடுத்த லயத்துப் பையன்கள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு முறை பால் மரத்தடிப் பள்ளத்தில் நான் வைத்த டின் இராத்திரி மழையில் மூழ்கிப் போயிற்று. மறுநாள் வெட்டு முடிந்து வந்த அப்பா, அழுதுகொண்டிருந்த என்னைப் பார்த்து, "டின்னு மேல தப்பில்ல தம்பி. தண்ணி ஓடுற எடமான்னு பாத்தில்ல வச்சிருக்கணும்?" என்றார்.

எங்கள் மைலோ டின் ஆட்டத்தைப் போன்ற ஒன்றை இன்று உலகெங்கும் பெரியவர்களும் சிறுவர்களும் கைத்தொலைபேசியோடு ஆடுகிறார்கள். அதன் பெயர் ஜியோகேஷிங். நாம் அதை மறைபெட்டி ஆட்டம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஒருவர் பெட்டி ஒன்றை மறைத்து வைத்து, அந்த இடத்தின் எண்களை இணையத்தில் அறிவிப்பார். மற்றவர்கள் அந்த எண்களைக் கைத்தொலைபேசியில் பார்த்துத் தேடி வருவார்கள். கண்டெடுத்தவர் உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். உள்ளே உள்ள சிறு பொருள் ஒன்றை எடுத்துக்கொள்ள விரும்பினால், அதற்கு ஈடாக வேறொன்றை வைக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

வாளியில் தொடங்கிய கதை

துணைக்கோளங்கள் வழியாக இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். முறையில், பொதுமக்களுக்குக் கிடைக்கும் குறிப்பில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழை நீக்கப்பட்டது. உடனே, மே 3ஆம் தேதி, டேவ் உல்மர் என்பவர் ஒரேகான் மாநிலத்தில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியை மறைத்து வைத்து, அதன் இட எண்களை அறிவித்தார். உள்ளே ஒரு குறிப்புப் புத்தகம், பென்சில், சில சில்லறைச் சாமான்கள், ஓர் அவரைக்கொட்டை டின். சில நாள்களுக்குள் ஆள்கள் தேடி வந்துவிட்டார்கள். ஒரு வாளியில் தொடங்கியது இந்த ஆட்டம்!

தேடி ஓடும் ஆட்டம் கோலாலம்பூருக்குப் புதிதன்று. 1938ஆம் ஆண்டில் கிஸ்பெர்ட் என்ற கணக்காளரும் அவருடைய வெள்ளைக்கார நண்பர்களும் இங்கேதான் 'ஹேஷ்' ஓட்டத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் முன்னால் ஓடிக் காகிதத் துண்டுகளைப் போட்டுக்கொண்டே போவார். மற்றவர்கள் அந்தத் தடத்தைப் பிடித்துத் துரத்துவார்கள். அவர்கள் ஓடியது பெரும்பாலும் நகரைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களின் ஊடேதான். அந்த மரங்களை நட்டு வளர்த்தவர்கள் நம்மவர்கள். ஆகவே, நம் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தில் உரிமை இல்லை என்று யார் சொல்ல முடியும்?

முதலில் இடம், பிறகு பெட்டி

புதிதாகத் தொடங்குகிறவர்கள் செய்யும் தவறு, அழகான டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு அதற்கு இடம் தேடுவதுதான். இடத்தை முதலில் பாருங்கள். அங்கே நின்று மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது, இது யாருடைய நிலம்? பூங்கா என்றால் நகராட்சியின் அனுமதி, கோயில் வளாகம் என்றால் நிர்வாகத்தின் அனுமதி, தோட்டம் என்றால் நிர்வாகியின் அனுமதி வேண்டும். வெளியாள்கள் தோட்டத்துக்குள் நுழைந்து தேடினால் காவற்காரர் சும்மா இருப்பாரா? பள்ளிக்கூடம், இரயில் தண்டவாளம், போலீஸ், இராணுவக் கட்டடங்கள் இருக்கும் பக்கமே போக வேண்டாம்.

இரண்டாவது, தேடி வருபவர் கையை நீட்டும் இடம் எப்படிப்பட்டது? செம்பனைத் தோட்டத்தில் மட்டைக் குவியலுக்குள் பெட்டி வைக்கக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எலி இருக்கும்; எலியைத் தேடி நாகம் வரும். பட்டணத்துப் பிள்ளைக்கு அது தெரியாது. எலிகளை ஒழிக்க ஆந்தைக்கு வைத்திருக்கும் மரப்பெட்டியையும் தொடாதீர்கள். மரப் பொந்து, கல் இடுக்கு, பெரிய கால்வாயின் வாய், சாலையின் நடுத்திட்டு இவையெல்லாம் வேண்டாம். இடுப்பு உயரத்துக்கும் கண் உயரத்துக்கும் இடையே, கையை விடுமுன் கண்ணால் பார்த்துக்கொள்ளக் கூடிய இடமே நல்ல இடம்.

மூன்றாவது, இவ்வளவு தூரம் வந்தவருக்கு இங்கே பார்க்க என்ன இருக்கிறது? ஒரு பழைய மரம், ஓர் ஆற்றங்கரை, பலர் அறியாத ஒரு கதை, ஏதேனும் ஒன்று இருக்க வேண்டும். குப்பைத் தொட்டிக்குப் பின்னால் பெட்டி வைத்தால் வந்தவர் குப்பையைத்தான் பார்த்துவிட்டுப் போவார்.

ஆட்டத்தின் விதிகளையும் மறந்துவிடாதீர்கள். மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது. ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் இடையே குறைந்தது 161 மீட்டர் தூரம் வேண்டும். நீங்கள் அனுப்பும் விவரத்தை ஒரு தன்னார்வலர் சரி பார்த்த பிறகே பெட்டி பட்டியலில் வெளியாகும்.

எந்த அளவு எங்கே?

பெட்டிகளுக்கு ஐந்து அளவுகள் உண்டு. 10 மில்லிலிட்டருக்கும் குறைந்தது நேனோ. சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். காந்தம் வைத்து இரும்பில் ஒட்டிவிடலாம். 100 மில்லிலிட்டருக்குள் இருப்பது மைக்ரோ. அந்நாளைய பிலிம் சுருள் டப்பா இந்த வகை. இவை இரண்டிலும் பெயர் எழுதும் தாள் மட்டுமே கொள்ளும். 100 மில்லிலிட்டர் முதல் 1 லிட்டர் வரை சிறியது. பள்ளிக்குக் கொண்டு போகும் ரொட்டி டப்பா அளவு. 1 லிட்டர் முதல் 20 லிட்டர் வரை நடுத்தரம். அதற்கு மேல் பெரியது.

ஆள் நடமாட்டம் மிகுந்த கடைத் தெருவுக்கு மைக்ரோ போதும். எடுப்பவர் கையில் மறைந்துவிடும். பூங்காவுக்குச் சிறிய டப்பா பொருந்தும். பிள்ளைகளோடு வரும் குடும்பங்களை எண்ணி வைப்பதானால் இதுவே சிறந்தது. ஏனெனில் நெகிழிப் பொம்மை, கோலி, வெளிநாட்டு நாணயம் போன்றவற்றை மாற்றிக்கொள்ளலாம். குழந்தையின் முகத்தில் மலர்ச்சியைக் காணலாம். குன்றுப் பாதைக்கு நடுத்தரப் பெட்டி வைக்கலாம். எவ்வளவு பெரிய பெட்டியோ, அவ்வளவு ஒதுக்கமான இடம் வேண்டும்.

மரங்கள் அடர்ந்த இடத்திலும் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவிலும் கைத்தொலைபேசி காட்டும் இடம் பல மீட்டர் தள்ளிப் போகும். திறந்த வெளியிலும் சில மீட்டர் பிழை உண்டு. ஆகவே ஒரு முறை எண்களைக் குறித்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். வெவ்வேறு நாளில் மூன்று, நான்கு முறை குறித்துச் சராசரி எடுங்கள். ஒத்த மரங்கள் நூறு நிற்கும் இடத்தில் நேனோவை வைத்துவிட்டு, "தேடிப் பார்" என்பது ஆட்டமன்று, வதை. "வளைந்த மரத்துக்கு வலப்பக்கம்" என்பது போல ஒரு குறிப்பும் எழுதிக் கொடுங்கள்.

மழை, கொசு, சந்தேகம்

கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகிறது. குளிர்நாட்டுக்காரர் வைக்கும் பெட்டி இங்கே தாங்காது. பிலிம் டப்பாவில் ஈரம் ஏறும். தகர டின் துருப்பிடிக்கும். கண்ணாடி உடையும். ரப்பர் வளையம் பதித்து, நான்கு பக்கமும் கொக்கியால் அழுத்தி மூடும் பிளாஸ்டிக் டப்பாவே நம் மழைக்கு ஏற்றது. வாங்கியவுடன் உள்ளே காகிதம் ஒன்றைப் போட்டு, வாளித் தண்ணீரில் ஓர் இரவு அமுக்கி வையுங்கள். காலையில் காகிதம் காய்ந்திருந்தால் மட்டுமே அந்த டப்பாவை நம்பலாம். எழுதும் தாளை ஒட்டி மூடும் பிளாஸ்டிக் பையில் வைத்து, பேனாவுக்குப் பதில் பென்சில் போடுங்கள். மை கரையும், பென்சில் எழுத்து கரையாது. மிட்டாய் முதலிய தின்பண்டம் எதுவும் வேண்டாம். எறும்பு வரும், குரங்கு டப்பாவையே கடித்துப் போடும்.

பெட்டியை மறைக்கத் தேங்காய்ச் சிரட்டையும் பால் மரத்து மங்கும் அழகாக இருக்கும். ஆனால் மல்லாந்த சிரட்டையில் நிற்கும் கையளவு நீர், ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். முட்டை பொரித்துக் கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். டிங்கிக் காய்ச்சல் நம் வட்டாரத்துக்குப் புதிதா? கொசு வளர இடம் கொடுப்பது 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும் ஆகும். சிரட்டை வைத்தால் கவிழ்த்து வையுங்கள். அடியில் துளையும் போடுங்கள். மாதம் ஒரு முறையாவது நேரில் போய்ப் பாருங்கள். போய்ப் பார்க்க முடியாத தூரத்தில் வைக்கவே வேண்டாம்.

இன்னும் ஒன்று. 2011ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வெதர்பி நகரில், கடை வாசலில் ஒருவர் வைத்த மறைபெட்டியை வெடிகுண்டு என்று மக்கள் அஞ்சினார்கள். தெருவையே காலி செய்து, நிபுணர்கள் வந்து அந்தப் பெட்டியை வெடிக்கச் செய்தார்கள். ஆகவே உள்ளே இருப்பது தெரியும்படி ஒளி ஊடுருவும் டப்பாவை எடுங்கள். வெளியே "விளையாட்டுப் பெட்டி, ஆபத்தில்லை" என்று மலாயிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டுங்கள். மேல்நாடுகளில் பலர் விரும்பும் பழைய துப்பாக்கி ரவைப் பெட்டி நமக்கு வேண்டவே வேண்டாம்.

பெட்டி வைக்க முடியாத இடங்கள்

பிரிக்பீல்ட்சில் சென்ட்ரல் நிலையம் 2001இல் திறக்கப்பட்டது முதல் எந்நேரமும் கூட்டம். அங்கே ஒருவர் தூண் இடுக்கில் துழாவினால் காவலர் வருவார். பத்துமலைக் குகைகளில் அரிய பொறிக்கதவுச் சிலந்தி வாழ்கிறது. அங்கே கல்லைப் புரட்டுவதே பாவம். கிள்ளானில் 1857இல் கட்டப்பட்ட ராஜா அப்துல்லா கிடங்கு போன்ற பழஞ்சுவர்களின் செங்கல்லை யாரும் அசைக்கக் கூடாது.

அப்படியானால் இந்த இடங்களை விட்டுவிடுவதா? இல்லை. இடம் ஓரிடத்தில், பெட்டி வேறிடத்தில் என்று வைக்கலாம். பத்துமலைப் படிகளைத் தேடுபவர் எண்ணிப் பார்க்கட்டும். 272 என்ற விடை, அடுத்த இடத்தின் எண்களில் மூன்று இலக்கங்களாக அமையட்டும். கிடங்கு கட்டிய ஆண்டு வேறு இலக்கங்களைத் தரட்டும். பெட்டியோ, அனுமதி பெற்ற ஒரு பூங்காவில் பத்திரமாக இருக்கட்டும். பார்க்க வேண்டியதைப் பார்த்தவருக்கே பெட்டி கிடைக்கும்.

மறைந்த தோட்டமும் மறைபெட்டியும்

சுபாங் ஜெயா 1970களில் எழுந்தது சீபீல்ட் தோட்டத்து நிலத்தில். கிள்ளான் பள்ளத்தாக்கில் இப்படி வீடமைப்பாகவும் நெடுஞ்சாலையாகவும் மாறிய தோட்டங்கள் பல. பெரட்டுக்களம் எங்கே இருந்தது, பால் ஸ்டோர் எந்தப் பக்கம் என்று காட்டக் கூடியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு மறைபெட்டிக்கும் இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. அந்த இடத்தின் கதையை வைத்தவர் அங்கே எழுதலாம். நம் தோட்டத்தின் கதையை எழுத இதைவிட நல்ல பக்கம் ஏது?

அப்பா வெட்டிய நிரையில் இன்று அடுக்குமாடி வீடுகளும் ஒரு சிறு பூங்காவும் இருக்கின்றன. உரியவர்களிடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு, சென்ற விடுமுறையில் பேத்தியோடு அங்கே போனேன். அரை லிட்டர் டப்பா. அவள் ஓடிப் போய்க் கால்வாய்க் குழாயின் ஓரத்தைக் காட்டி, "இங்க வைப்போம் தாத்தா, யாருக்கும் தெரியாது" என்றாள்.

"தண்ணி ஓடுற எடமான்னு பாரும்மா" என்றேன்.

குனிந்து பார்த்தாள். சுவரில் மழைநீர் ஏறிய கறை இருந்தது. தலையை ஆட்டிவிட்டு மேட்டுப் பக்கம் நடந்தாள். அங்கே ஓர் இருக்கைக்குப் பின்னால், வேலி மறைவில் அவளே இடம் பார்த்தாள். தாளின் தலைப்பில் எங்கள் தோட்டத்தின் பெயரையும் அப்பாவின் பெயரையும் எழுதச் சொன்னேன். யாரோ ஒருவர் தேடி வந்து, அந்தப் பெயர்களுக்குக் கீழே தம் பெயரை எழுதுவார்.

உங்கள் தோட்டத்துக்கும் ஒரு பெயர் உண்டல்லவா? வரும் விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புறப்படுங்கள். நின்று பார்த்து, கேட்டு, நல்ல இடமாகத் தேர்ந்தெடுங்கள். பிறகு அதற்கு ஏற்ற பெட்டியை எடுங்கள்!