வயலே கிடங்கு

விநியோகச் சங்கிலி என்று நிர்வாக சாஸ்திரிகள் பெயரிட்டு வழங்கும் விஷயத்தை அறிய விரும்புகிறவர், அரவைப் பருவத்தில் வடக்கனந்தலுக்கு அருகே, கச்சிராயபாளையத்திலுள்ள கூட்டுறவு சர்க்கரை ஆலையின் வாசலில் ஒரு பகற்பொழுது நின்று, கோமுகி ஆறு பாயும் வயல்களிலிருந்து வரும் டிராக்டர்களைப் பார்த்தாலே போதும்.

கரும்பு, வெட்டுண்ட கணத்திலிருந்தே கெடத் தொடங்கும் பண்டம். தண்டிலுள்ள நொதிப்பொருள், செடி மாதக்கணக்கில் சேமித்த சர்க்கரையைக் குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் பிரித்துவிட, வெட்டுவாயில் புகும் நுண்கிருமிகள் சாற்றைப் பிசுபிசுப்பாக்க, வெயில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. எடை குறைந்தால் நஷ்டம் விவசாயிக்கு. கட்டுமானம், அதாவது கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் விகிதம், குறைந்தால் ஆலைக்கு. ஆகவே ஒரு நாளைக்குள் அரைத்துவிடுவதே உத்தமம். ஆனால் வெட்டாமல் நிற்கும் கரும்போ, முற்றிய பிறகும் சில வாரங்கள் பொறுத்திருக்கும். கூரையும் பூட்டுமில்லாத வயல்தான் ஆலையின் மெய்யான கிடங்கு.

இந்த ஒரு சூட்சுமத்திலிருந்தே மற்ற ஏற்பாடுகளெல்லாம் பிறக்கின்றன. நடவு செய்தவுடனேயே ரகமும் தேதியும் பரப்பும் ஆலையில் பதிவாகின்றன. பத்துப் பன்னிரண்டு மாதங்கள் கழித்து, வயதையும் முதிர்ச்சியையும் பார்த்து வெட்டு உத்தரவு வருகிறது. வெட்டும் ஆட்கள், வண்டி, எடைமேடை ஆகிய மூன்றும் ஒரே நாளில் ஒத்துவர வேண்டும். ஆலை எவ்வளவு அரைக்குமோ அவ்வளவே அன்று வெட்டத்தக்கது. மிகுந்தால் வண்டிகள் வரிசையில் காய்கின்றன, குறைந்தால் கொதிகலனின் நீராவி வீணாகிறது. நடுவில் மழை பெய்து வயல் சேறானால், கணக்கு முழுவதையும் திருப்பிப் போட வேண்டியதுதான்.

100 டன் கரும்பு உள்ளே போனால், சர்க்கரையாக வெளியே வருவது சுமார் 9 டன். இவ்வளவு பாரத்தை நெடுந்தூரம் சுமப்பது பேதைமை. ஆகையால்தான் ஆலை பட்டணத்தை நாடாமல் வயலை நாடி வந்திருக்கிறது. சக்கையும் அங்கேயே கொதிகலனுக்கு விறகாகிவிடுகிறது. சர்க்கரையோ மூட்டையில் மாதக்கணக்கில் கெடாது. சில மாதங்களில் உற்பத்தியானது வருஷம் முழுவதும் விலைபோகிறது.

சரக்கு ஆலையை நோக்கிப் போனால், பணம் வயலை நோக்கித் திரும்ப வேண்டும். கரும்பு ஒப்படைத்த 14 நாட்களுக்குள் கிரயம் தர வேண்டுமென்பது 1966-ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு உத்தரவு. நாட்டின் பல ஆலைகளில் பாக்கி நின்ற கதை யாவரும் அறிந்ததே. லாரிகளின் கால அட்டவணையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், சங்கிலியின் இந்தக் கண்ணியைப் பற்றிச் சுருக்கமாகவே எழுதுகிறார்கள்.

பணம் தாமதித்தால் விவசாயி மரவள்ளிக்கு மாறலாம். கல்வராயன் மலைப்பக்கத்துக்குப் பழகிய அந்தக் கிழங்கும், பிடுங்கிய சில நாட்களில் கறுத்துக் கெடுவது. சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு லாரி கிடைக்கும்வரை, அதையும் மண்ணுக்குள்ளேயே விட்டுவைக்கிறார்கள்.